வன்னியில் பெண்கள் அணிகளுக்கு ஒருநாள் திறந்த வலைப்பந்தாட்டப் போட்டி நடத்துவது எப்படி?

மென்பந்து கிரிக்கெட் போட்டி ஒன்றை ஊர்ப் பொடியன்கள் ஒரு கிழமைக்குள் ஒழுங்குசெய்து முடித்துவிடுவார்கள். பெண்களின் வலைப்பந்தாட்டப் போட்டியை அதே மாதிரி வைத்தால் எட்டு அணி பெயர் கொடுக்கும், நாலு அணிதான் வந்து சேரும். விருப்பத்துக்குக் குறைவே இல்லை, பாடசாலையில் வலயமட்டம் மாகாணமட்டம் என்று ஆடியவர்கள் கிராமத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்கள் விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வரவேண்டும், பிள்ளையை யாரிடமாவது விடவேண்டும், பொழுதுபட முன் வீட்டில் நிற்கவேண்டும், உள்ளூர்ப் பாதைகளில் கடைசி பஸ்ஸை விட்டால் பிறகு ஓட்டோக்காரர் கேட்கும் காசுதான். ஆகவே தூரத்து அணி வீடு போய்ச் சேரவேண்டிய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எல்லாவற்றையும் போடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

நாளும் இடமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிவிடும், மார்கழியும் நம்பமுடியாது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை, வயலுக்குப் போகாத வீடு குறைவு. சித்திரை வெயிலில் ஒருவரையும் ஓடச் சொல்லக்கூடாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா, இந்த இரண்டு நாட்களையும் ஒட்டி வைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள். மே 18, நவம்பர் 27 வரும் கிழமைகளில் இங்கே யாரும் போட்டி வைப்பதில்லை, அதை விளக்கத் தேவையில்லை. சாதாரணதர, உயர்தரப் பரீட்சை நாட்களையும் பாருங்கள், ஏனென்றால் வீரர்களில் சிலர் மாணவிகளாகவும் பலர் மாணவிகளின் தாய்மாராகவும் இருப்பார்கள்.

மிஞ்சுவது ஆனி, ஆடி, புரட்டாதி. சோளகக் காற்று வீசும், புழுதி பறக்கும், என்றாலும் காலையில் வெள்ளென ஆடினால் சமாளிக்கலாம். கிழமையில் ஞாயிறுதான் நல்லது, ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மற்ற நாட்களில் லீவு கிடைப்பது கஷ்டம். தேவாலயத்துக்குப் போகும் ஊர்களிலிருந்து அணி வருகிறதென்றால் பூரணை விடுமுறை நாளை யோசியுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கமிருந்தும் துணுக்காய், மல்லாவி பக்கமிருந்தும் அணிகள் வருமென்றால் மாங்குளத்தை விட வசதியான சந்தி கிடையாது, இரண்டு பக்கத்து வீதியும் அங்கே ஏ9இல் வந்து ஏறுகின்றன, புகையிரத நிலையமும் உண்டு. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பளை அணிகள் என்றால் கிளிநொச்சி. உங்கள் ஊர் மைதானத்தில்தான் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

மைதானம் தேடும்போது ஆட்களின் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். நான் முதலில் மரத்தைப் பார்ப்பேன். ஓரத்தில் நாலு வேம்போ ஒரு பெரிய மருதமோ நின்றால் எட்டு அணியும் பிள்ளைகளும் கிழவிகளும் அங்கே இருந்துவிடுவார்கள், பந்தல் செலவு மிச்சம். அடுத்தது மலசலகூடம். தண்ணீர் வருகிற, உள்ளே கொளுக்கி போடக்கூடிய, பெண்களுக்கென்று தனியான மலசலகூடம் இல்லாத மைதானம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் வேண்டாம். இந்தக் காரணங்களுக்காகப் பாடசாலை மைதானம் பெரும்பாலும் சரிவரும், உடை மாற்ற ஒரு வகுப்பறையும் கிடைக்கும். அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள், வலயக் கல்வி அலுவலக அனுமதி வேண்டுமா என்று அவரே சொல்வார். பொது மைதானம் என்றால் பிரதேச சபை. எதுவானாலும் பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி கொடுங்கள், கம்பமும் பந்தும் மத்தியஸ்தர்களும் தேவைப்படும்போது அவரிடம்தான் போய் நிற்கப்போகிறீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டும்.

இன்னொன்று. பற்றைக்காட்டைத் துப்புரவாக்கிப் புது மைதானம் எடுக்கும் யோசனை இருந்தால் கிராம அலுவலரிடம் கேட்காமல் மண்வெட்டி வைக்கவேண்டாம், வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத துண்டுகள் இன்னும் இருக்கின்றன.

எத்தனை அணி, எத்தனை ஆட்டம்

விலகல் முறையில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொல்வார்கள். விசுவமடுவிலிருந்து பட்டா லொறி பிடித்து வந்த அணி இருபது நிமிடத்தில் தோற்றுத் திரும்பிப் போனால் அடுத்த வருடம் அந்த அணி இருக்காது. ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கொடுங்கள். எட்டு அணிகள், இரண்டு குழுக்கள், குழுவுக்கு நாலு அணி. குழுநிலையில் 12 ஆட்டம், பிறகு இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. எட்டுக்கு மேல் பெயர் வந்தால் காத்திருப்புப் பட்டியல் போடுங்கள், முகம் பார்த்து ஒன்பதாவதைச் சேர்த்தால் கணக்கு முழுவதும் குழம்பும்.

சரி, 12 ஆட்டத்தையும் ஒரு களத்தில் வைத்தால் நாலு மணித்தியாலம், உச்சி வெயிலில் அரையிறுதி. அதனால் இரண்டு களம் கட்டாயம். முழு ஆட்டம் 15 நிமிடமாக நாலு கால்பகுதிகள், ஒருநாள் போட்டிக்கு அது தாங்காது. 7 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 2 நிமிடம், அடுத்த அணிகள் இறங்க 4 நிமிடம், ஆக 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று.

இப்போது முக்கியமான விசயம். குழுவுக்கு ஒரு களம் என்று பிரித்தால் சில அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஆடவேண்டி வரும். அப்படிச் செய்யாமல் முதல் சுற்றில் இரண்டு களத்திலும் ‘அ’ குழு, இரண்டாம் சுற்றில் இரண்டு களத்திலும் ‘ஆ’ குழு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்த அணியும் ஆடிவிட்டு 20 நிமிடம் இளைப்பாறும், சும்மா இருக்கும் நாலு அணியிலிருந்தும் புள்ளி எழுதவும் நேரம் பார்க்கவும் ஆள் எடுக்கலாம். 7.30க்கு முதல் விசில் என்றால் ஆறு சுற்றும் 9.30க்கு முடியும். 9.50க்கு இரண்டு அரையிறுதியும் ஒரே நேரத்தில், 10.40க்கு 10 நிமிடப் பாதிகளாக இறுதி. 11.30க்குள் பரிசு, 12க்குச் சாப்பாடு, ஒரு மணிக்கு மைதானத்தில் ஆளிருக்காது.

பக்கத்து ஊர் அணிகளை ‘அ’ குழுவில் போடுங்கள், தூரத்து அணிகளுக்கு 20 நிமிடம் கூடக் கிடைக்கும். சீட்டுக் குலுக்காமல் ஏன் இப்படிப் பிரித்தோம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் கதை வராது. இரண்டு களத்துக்கும் ஒரே சங்கு, அல்லது ஒரே ஹோர்ன். இது ஊதினால் இரண்டும் தொடங்கும், ஊதினால் இரண்டும் நிற்கும். களத்துக்கு ஒரு நேரக்காப்பாளர் வைத்தால் ஒன்பது மணிக்கே ஒரு களம் மற்றதைவிடப் பின்னால் நிற்கும்.

வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. புள்ளி சமமானால் போட்ட கோல், வாங்கிய கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் இருவரும் மோதிய ஆட்டத்தில் வென்றவர். அரையிறுதியும் இறுதியும் சமமானால் யாராவது இரண்டு கோல் முன்னுக்குப் போகும்வரை ஆடட்டும்.

யார் ஆடலாம்

திறந்த போட்டி என்றால் எல்லோருக்கும் திறந்தது, அதிலேதான் சிக்கல். மாவட்ட அணி முழுவதையும் ஒரு கழகத்தின் பெயரில் இறக்கினால் 30க்கு 2 என்று ஆட்டம் முடியும், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கடந்த இரண்டு வருடத்தில் மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ ஆடியவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் களத்தில் நிற்கக்கூடாது என்று வையுங்கள். கூடவே 35 வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது எப்போதும் களத்தில் நிற்கவேண்டும் என்றும் வையுங்கள். இந்த இரண்டாவது விதியைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் அம்மாமார் பயிற்சிக்கு வரத் தொடங்குவது அதனால்தான். அணிக்குப் பத்துப் பேர் வரை, ஆட்டம் எங்கே நின்றாலும் ஆளை மாற்றலாம்.

களம் கீறுவது

முதல் நாள் பின்னேரம் செய்யவேண்டிய வேலை. ஒரு களம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். சுற்றிவரவும் நடுவிலும் 3 மீற்றர் விட்டால் இரண்டு களத்துக்கும் 40க்கு 40 மீற்றர் போதும். நீளப் பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும், கிழக்கு மேற்காகக் கீறினால் காலையில் ஒரு அணி சூரியனைப் பார்த்துக்கொண்டு கோல் போடவேண்டியிருக்கும்.

மூலைக்கு ஒரு தடி அடித்து, ஒரு பக்கம் 3 மீற்றர், மற்றப் பக்கம் 4 மீற்றர் அளந்து, அந்த இரண்டு முனைக்கும் இடையில் சரியாக 5 மீற்றர் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் மூலை சரி. நாலு மூலையும் அடித்தபின் குறுக்காக இரண்டு பக்கமும் அளவுங்கள், இரண்டும் 34.1 மீற்றர் வரவேண்டும். வராவிட்டால் சுண்ணாம்பைக் கையில் எடுக்காதீர்கள். பிறகு நீளத்தை மூன்று சம பங்காகப் பிரித்து இரண்டு குறுக்குக் கோடு, பங்குக்கு 10 மீற்றர் 17 சென்ரிமீற்றர். கோல் கோட்டின் நடுவில் ஆணி அடித்து 4.9 மீற்றர் கயிறு கட்டி அரைவட்டம், மையத்தில் 90 சென்ரிமீற்றர் விட்டத்தில் சின்ன வட்டம். கோடு 5 சென்ரிமீற்றர் தடிப்பு. சுண்ணாம்பு போடுமுன் தண்ணீர் பவுசரால் ஒருமுறை நனைத்துவிட்டால் புழுதியும் அடங்கும், கோடும் காற்றில் பறக்காது.

கம்பம் 3.05 மீற்றர் உயரம், கூடைப்பந்து வளையத்தின் அதே உயரம், பின்னால் பலகை மட்டும் கிடையாது. வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், கம்பத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் முன்னே நீட்டி நிற்கும். இரும்பு ஒட்டும் கடையில் செய்விக்கிறீர்கள் என்றால் இந்த மூன்று எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் கம்பம் நிலத்துக்குள் போகும் பகுதியையும் சேர்த்து 3.05 என்று வெட்டிவிடுவார்கள், நட்டபிறகு வளையம் தாழ்ந்து தலைக்குச் சற்று மேலேதான் தொங்கும். வளையத்தைப் பூட்டுப்போட்டுக் கழற்றக்கூடிய மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். பந்து 5ஆம் இலக்கம், களத்துக்கு ஒன்றும் கைவசம் ஒன்றும்.

மறந்துபோன விதிகள்

பாடசாலையோடு விட்டவர்களுக்கு மூன்று செக்கன், மூன்றடி, கால் என்ற மூன்றையும் திரும்பச் சொல்லிக்கொடுத்தால் பாதி விசில் குறையும். பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பந்து வைத்திருப்பவரை மறிப்பவர் 90 சென்ரிமீற்றர், அதாவது மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். பந்தைப் பிடிக்கும்போது முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம், பந்து கையை விட்டுப் போகமுன் அதை மறுபடி ஊன்றக்கூடாது. ஒரு முழுப் பங்கைத் தாண்டி யார் கையும் படாமல் எறியமுடியாது. கோல் எந்தப் பக்கம் விழுந்தாலும் சென்ரர் பாஸ், அதாவது மையத்திலிருந்து ஆட்டத்தைத் தொடக்கும் எறி, மாறி மாறித்தான்.

இடங்கள் ஏழு. ஜி.எஸ். (கோல் ஷூட்டர்) தன் அணி கோல் போடும் பங்கோடு சரி, ஜி.ஏ. (கோல் அட்டாக்) அதோடு நடுப்பங்கும், இந்த இரண்டு பேரும்தான் அரைவட்டத்துக்குள் நின்று கோல் போடலாம். சென்ரர் இரண்டு அரைவட்டத்தையும் தவிர எல்லா இடமும் ஓடுவார், ஆகவே அணியில் மூச்சுக் கூடியவரை அங்கே போடுங்கள். டபிள்யூ.ஏ.க்கு (விங் அட்டாக்) நடுப்பங்கும் கோல் போடும் பங்கும், டபிள்யூ.டி.க்கு (விங் டிபென்ஸ்) நடுப்பங்கும் மறிக்கும் பங்கும், இருவருக்கும் அரைவட்டம் இல்லை. ஜி.டி.யும் (கோல் டிபென்ஸ்) ஜி.கே.யும் (கோல் கீப்பர்) மறிப்பவர்கள். உயரமான பிள்ளை இருந்தால் உடனே ஜி.எஸ். ஆக்குவது எங்கள் பழக்கம், இலங்கை அணிக்கு ஜி.எஸ். ஆக ஆடிய உயரமான தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, அதைக் குறை சொல்லமுடியாது. ஆனால் உயரமானவருக்குப் பந்து எறியத் தெரிந்த ஒரு டபிள்யூ.ஏ. இல்லாவிட்டால் அவர் வளையத்தடியில் சும்மா நிற்பார்.

போட்டிக்கு ஆறு கிழமைக்கு முன்பாவது பயிற்சி தொடங்கட்டும், கிழமைக்கு இரண்டு பின்னேரம், ஐந்து மணிக்குப் பிறகு. நிறையக் காலம் விட்டுத் திரும்ப ஆடுபவர்களுக்குக் கணுக்காலும் முழங்காலும்தான் முதலில் போகும், அதனால் துள்ளிப் பிடித்து முழங்காலை மடக்கி இரண்டு காலில் இறங்கும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் செய்யுங்கள். வெறுங்காலோடு ஆடவேண்டாம்.

உடை, நகை, எழுத்துத்துணி

ரீசேட்டும் பொட்டமும் (நீளக் காற்சட்டை) போதும், யாருக்கு எது வசதியோ அது. ஒரே நிறம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துத்துணி, அதாவது ஆடும் இடத்தின் எழுத்துப் போட்டு மேலே கட்டும் துணி, இருந்தால் ஆட்டம் நடக்கும். முன்னாலும் பின்னாலும் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு எழுத்து தெரியவேண்டும். ஊர்த் தையல்காரியிடம் இரண்டு நிறத்தில் நாலு செற் தைத்து, பக்கத்தில் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரிச் செய்தால் மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும், பல வருடம் பாவிக்கலாம்.

நகம் ஒட்ட வெட்டியிருக்கவேண்டும், மத்தியஸ்தர் விரலைத் தடவிப் பார்ப்பார். நகை கூடாது, கலியாண மோதிரம் மட்டும் பிளாஸ்ரர் சுற்றிப் போடலாம். தாலிக்கொடிதான் கேள்வி. களத்தில் வைத்து இதைப் பேசினால் ஒருவர் அழுவார், மாமியார் கோபிப்பார், ஆட்டம் பத்து நிமிடம் பிந்தும். ஆகவே அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்: கொடியோடு களமிறங்க முடியாது, கை பட்டால் அறுந்து கழுத்தையும் வெட்டும், எதிரணிப் பிள்ளையின் விரலையும் வெட்டும். பலர் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அங்கே வந்து கழற்றுபவர்களுக்காக அணிக்கு ஒரு சின்னப் பை, பெயர் எழுதி, அந்த அணியோடு வந்த வயதான ஒருவரின் மடியிலேயே இருக்கட்டும். ஏற்பாட்டுக் குழு நகையைப் பொறுப்பெடுக்கக்கூடாது.

அன்றைய நாள்

மத்தியஸ்தர் களத்துக்கு இரண்டு பேர், கைவசம் ஒருவர், ஆக ஐந்து பேர். உடற்கல்வி ஆசிரியைகளில் மத்தியஸ்தம் செய்பவர்கள் வலயத்தில் இருப்பார்கள், ஒரு மாதம் முன்னே கேளுங்கள், போக்குவரத்துக் காசும் கொடுப்பனவும் கையிலே கொடுங்கள். தெரிந்தவர்தானே என்று சும்மா கூப்பிட்டால் காலையில் தொலைபேசி வேலை செய்யாது.

பிள்ளைகளுக்கு மரநிழலில் பாய் விரித்து இரண்டு அம்மம்மாக்களை இருத்துங்கள். பாலூட்ட ஒரு வகுப்பறை, சன்னலுக்குச் சேலை கட்டி. மலசலகூடத்தில் வாளி, சவர்க்காரம், மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஒரு பக்கற் சானிற்றரி பாட். இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் அதற்காகவே ஒருவர் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கமாட்டார்.

விடியவே வெளிக்கிட்டு வருபவர்கள் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். வந்ததும் உழுத்தங்கஞ்சியோ குத்தரிசிக் கஞ்சியோ ஒரு கோப்பை, இடையில் நாலாகக் கீறிய தோடம்பழம், உப்பும் சீனியும் தேசிக்காயும் கலந்த தண்ணீர். சோறு முடிந்தபிறகுதான். சுளுக்கினால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி, காலை உயர்த்தி வைத்தல், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் இல்லை. நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும், 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பார்க்க வரும் ஆண்களைத் தடுக்கத் தேவையில்லை. களத்தின் ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டி அங்கே நிற்கச் சொல்லுங்கள், கழகத்துப் பொடியன்களை வாசலுக்கும் மோட்டார் சைக்கிள் விடும் இடத்துக்கும் பொறுப்பாகப் போட்டால் கூச்சல் போடுபவர்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். படம் எடுப்பதற்கு ஒருவரை நியமியுங்கள், எந்தப் படம் முகநூலில் போகலாம் என்று அணித்தலைவிதான் சொல்லவேண்டும். கீழே விழுந்த படத்தை யாரோ போட்டு, கீழே பகிடி எழுதி, அதனால் விளையாட்டையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பிரதம விருந்தினர். 7.30க்குப் பிந்தினால் அவருக்காக முதல் விசில் காத்திருக்காது என்று கடிதத்தில் மரியாதையாக எழுதுங்கள், அல்லது அழைப்பையே 10.30க்குப் போடுங்கள், இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுக்கட்டும். பேச்சு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வெயிலில் வியர்த்து நிற்கும் எண்பது பெண்களுக்கு முன்னால் பெண் விடுதலை பற்றி முக்கால் மணித்தியாலம் பேசக்கூடியவர்கள் எங்கள் மாவட்டங்களில் தாராளமாக உண்டு.

பரிசு என்று ஆளுயரக் கிண்ணத்துக்குக் காசைக் கொட்டவேண்டாம். ஒரு சின்னக் கிண்ணம், வந்த ஒவ்வோர் அணிக்கும் ஒரு பந்து. அனுசரணையாளர்களிடம் கேட்கும்போதும் காசாகக் கேட்பதைவிட எட்டுப் பந்து, எண்பது சோத்துப் பாசல், ஒரு பவுசர் தண்ணீர் என்று பொருளாகக் கேளுங்கள், கடைக்காரர் ஒருவர் ஒன்றைத் தலையில் எடுத்துக்கொள்வார்.

அடுத்த நாள்

வரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லா அணித்தலைவிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கம்பம் நட்ட குழிகளை மூடுங்கள், பாடசாலைப் பிள்ளை ஒன்று கால் வைத்தால் அடுத்த முறை அதிபர் மைதானம் தரமாட்டார். வகுப்பறையைக் கூட்டிக் கழுவித் திறப்பைக் கையில் கொடுங்கள். கம்பங்கள் எந்த அணியிடம் இருக்கும் என்று அன்றைக்கே முடிவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள், வளையங்களைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், வெளியே விட்டால் துருப்பிடிக்கமுன் பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியில் ஏறிவிடும்.